கண்ணால் பார்த்த காற்று

பித்தளைக் காற்றழுத்தமானி ஒன்று அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சுவரில் ஏறியது. தம்பி நாற்காலி மேல் நின்று ஆணி அடித்தான். அம்மா கீழே நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், என்னவோ பிள்ளை மலையேறப் போகிறான் போல.

"என்னடா இது, கடிகாரமா? ஒரே ஒரு முள்ளுதான் இருக்கு. அதுவும் நகர மாட்டேங்குது."

"கடிகாரம் இல்லம்மா. காத்து எவ்வளவு அழுத்துதுன்னு காட்டுற கருவி. வருஷம் பூரா ரொம்பச் சரியா வானிலைத் தகவல் அனுப்பின கப்பலுக்குப் பரிசு. கேப்டன், 'எழுதினவன் நீ, நீயே வீட்டுக்கு எடுத்துட்டுப் போ'ன்னுட்டார்."

"எம்புள்ளைக்குக் கழுகுக் கண்ணு. சின்ன வயசுலேயே மொட்டை மாடியில நின்னு தெருக்கோடியில வர்ற போஸ்ட்மேனைச் சொல்லுவான்" என்றாள் அம்மா. போஸ்ட்மேன் கதையை அந்த வீட்டில் ஆயிரம் தடவையாவது கேட்டாயிற்று.

சமையலறை வாசலில் நின்றிருந்த அக்கா சிரித்தாள். மூன்று வாரத்தில் அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. பாவம், அதுவும் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

அக்காவுக்கு வேலை கடல் வானிலை அலுவலகத்தில். கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் காற்று எந்தத் திசை, என்ன வேகம், அலை எத்தனை மீட்டர் என்று தினமும் காலை ஒன்பது மணிக்கு அறிக்கை எழுதி அனுப்புகிறவள். இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி, அதே ஜன்னல். அலுவலகத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காத்தக்கா, அவ்வளவுதான். கல்யாணம், குழந்தை என்று எதற்கும் நேரம் ஒதுக்காமல் காற்றையே கட்டிக்கொண்டவள் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது.

இந்த வெப்பக் கடல் இருக்கிறதே, அதை நம்பவே முடியாது. குளிர்தேசத்துக் கடல்களில் புயல் என்றால் நாலு நாள் முன்பே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டுத்தான் வருமாம். இங்கே காலையில் பஞ்சுத் துண்டு அளவுக்கு ஒரு மேகம் இருக்கும். மத்தியானம் பார்த்தால் அது வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். சாயங்காலம் கடல் தலைகீழ். அலுவலகத்துக்கு வருகிற செயற்கைக்கோள் படம் மேகத்தின் தலையைத்தான் காட்டும். அதன் காலடியில் தண்ணீர் என்ன செய்கிறது என்பதை அங்கே இருக்கிறவன் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கப்பல்கள். நண்பகலில் ஒரு தடவை, மாலை ஆறு மணிக்கு ஒரு தடவை, காவலில் இருக்கும் அதிகாரி கட்டுப்பாட்டு அறையை விட்டுப் பக்கவாட்டு மேடைக்கு வந்து, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து, அலையைப் பார்த்து, அதை எண்களாக்கி அனுப்ப வேண்டும். கூலி கிடையாது. அனுப்பாவிட்டால் கேட்பாரும் கிடையாது. ஆனாலும் அனுப்புகிறார்கள் என்பதில் அவளுக்கு அத்தனை பெருமை. தம்பி ஒரு சின்னச் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரியானதும், அந்தக் கப்பலையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டது அவள்தான்.

பரிசுக்குக் கணக்குப் போட்டதும் அவள்தான். எந்தக் கப்பலின் தகவலுக்கும் அலுவலகத்தின் கணிப்புக்கும் வித்தியாசம் மிகக் குறைவோ அந்தக் கப்பலே முதல். தம்பியின் கப்பலுக்கு வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம். தனக்கும் அவனுக்கும் ஒரே ரத்தம் அல்லவா, பார்வையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் பைத்தியக்காரி.

மூன்று வாரத்துக்கு முன்பு நடந்ததைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அன்று காலை அறிக்கையில் ஏழாம் கட்டத்துக்குத் தென்மேற்குக் காற்று பதினைந்து நாட், அலை ஒன்றரை மீட்டர் என்று எழுதியிருந்தாள். நாட் என்பது கடல்காரர்கள் வேகம் சொல்கிற கணக்கு. இரட்டிப்பாக்கிக் கொஞ்சம் குறைத்தால் நம் கிலோமீட்டர். பதினைந்து என்றால் துணி காயப்போட நல்ல காற்று, அவ்வளவுதான். ஆனால் பதினொரு மணிப் படத்தில் ஏழாம் கட்டத்தின் நடுவில் ஒரு மேகக் குவியல் தடித்துக்கொண்டு நின்றது. பக்கத்து மேசைக்காரர் அதைப் பார்த்து 'உச்' கொட்டினார். அவர் எதைப் பார்த்தாலும் உச்சுக் கொட்டுவார், அதனாலேயே அவர் பேர் உச்சு.

"காத்தக்கா, இது எனக்குப் பிடிக்கலை. முப்பதுன்னு ஏத்திடுங்க. சிவப்புக் கொடி போடச் சொல்லிடலாம்."

சிவப்புக் கொடி துறைமுகத்தில் ஏறிவிட்டால் மீன்பிடிப் படகு ஒன்றும் வெளியே போகக் கூடாது. அந்த மாதத்திலேயே இரண்டு தடவை அவள் கொடி ஏற்றச் சொல்லி, இரண்டு தடவையும் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. துறைமுகத்தில் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். டைரக்டர் கூப்பிட்டு, "எதுக்கெடுத்தாலும் கொடி ஏத்தினா நாளைக்கு நிஜமாவே வரும்போது எவன்மா நம்புவான்?" என்று கேட்டிருந்தார். அந்த வார்த்தை அவளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"பன்னெண்டு மணிக்குக் கப்பல் தகவல் வந்துடும். அதைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றாள்.

ஏழாம் கட்டத்தில் அன்றைக்கு இருந்தது ஒரே ஒரு கப்பல். தம்பியின் கப்பல். பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷத்தில் தகவல் வந்தது. தென்மேற்கு, பதினைந்து நாட், ஒன்றரை மீட்டர். அவளுக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா?" என்று உச்சுவின் பக்கம் திரையைத் திருப்பினாள். உச்சு தலையைச் சொறிந்துகொண்டு சாப்பிடப் போனார்.

ஒரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. துறைமுகத்தில் ஐஸ் பார் உடைக்கிற அம்மா ஒருத்தி, மகன் படகேறும் நாளெல்லாம் கூப்பிட்டு விசாரிப்பாள். முகம் பார்த்ததில்லை, ஆறு வருஷமாகக் குரல் பழக்கம். பின்னால் ஐஸ் அரைக்கும் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்.

"காத்து எப்படிம்மா இருக்கு? ரெண்டு மணிக்குக் கிளம்புறாங்க. மேக்கால இருட்டுதே."

எண்ணை மட்டும்தான் சொல்ல வேண்டும், போ என்றோ போகாதே என்றோ சொல்லக் கூடாது. அது அலுவலக விதி. அன்றைக்கு அவளுக்கு இருந்த தெம்பில் விதியாவது ஒன்றாவது.

"பயப்படாம அனுப்புங்கம்மா. அங்கேயே ஒரு கப்பல் நிக்குது. கண்ணால பாத்துச் சொல்லிருக்காங்க, ஒண்ணுமில்லன்னு."

"மகராசியா இரு" என்று சொல்லி வைத்துவிட்டாள் அந்த அம்மா.

ஆறு பேர் போன படகு. ஐந்து மணிவாக்கில் ஏழாம் கட்டத்தில் கவிழ்ந்தது. மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்த இரண்டு பேர் மறுநாள் கிடைத்தார்கள். நாலு பேர் கிடைக்கவில்லை. ஐஸ்காரம்மாவின் மகன் அந்த நாலு பேரில் ஒருவன். மாலை ஆறு மணிக்கும் தம்பியின் கப்பலிலிருந்து தகவல் வந்திருந்தது. அதே பதினைந்து, அதே ஒன்றரை.

எச்சரிக்கை ஏன் கொடுக்கவில்லை என்று விசாரிக்க ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியை நியமித்தார்கள். வரும் வியாழக்கிழமை விசாரணை. அவள் வேலை நிற்குமா போகுமா என்பது மட்டுமல்ல, அந்த நாலு பேரும் அவள் கவனக்குறைவால் செத்தார்களா என்பதும் அங்கேதான் முடிவாகும். அவள் கையில் இருந்தது ஒரே ஒரு காகிதம், தம்பியின் நண்பகல் தகவல். 'அங்கே இருந்தவனே பார்த்துச் சொன்னான், அதற்குப் பிறகு கடல் திடீரென்று புரண்டால் நான் என்ன செய்வேன்?' ராத்திரி புரண்டு படுக்கும்போதெல்லாம் இதையே சொல்லிச் சொல்லித்தான் கண்ணை மூடினாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவோம்.

அம்மா பரிமாறினாள். தம்பி கப்பல் சமையல்காரனைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டான்.

"அவனையும் குத்தம் சொல்ல முடியாது. போன மாசக் கடைசியில அடுப்புல இருந்த பானை கவுந்து கையெல்லாம் வெந்துபோச்சு. இப்போ ஒத்தைக் கையிலதான் சமைக்கிறான்."

"எப்படிடா கவுந்துச்சு?"

"கப்பல் ஆடின ஆட்டத்துலதான். நீ எழுதுவியே, அந்த ஏழாம் கட்டம், அங்கதான். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அலை பக்கத்துல வந்து அறைஞ்சுது பாரு, தட்டு, தம்ளர் எல்லாம் தரையில."

அக்கா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "என்னிக்கு?"

அவன் தேதி சொன்னான். அவள் நினைத்த தேதிதான்.

"மத்தியானம்னா எப்போ? பன்னெண்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பதினொண்ணரைக்கே ஆரம்பிச்சிடுச்சு. ஏன் கேக்குற?"

"பன்னெண்டு மணிக்கு நீ அனுப்பின தகவல்ல பதினஞ்சு நாட்னு இருக்கே? ஒன்றரை மீட்டர்னு இருக்கே?"

தம்பி சிரித்தான். திருட்டுச் சிரிப்புக்கூட இல்லை, வெள்ளைச் சிரிப்பு. "அது நீ எழுதினதுதானேக்கா. காலையில உன் அறிக்கை வருதில்ல, அதைப் பாத்து அப்படியே போட்டுடுவேன். அழுத்தம் மட்டும் முந்தின நாளுதுல ஒரு புள்ளி கூட்டிக் குறைச்சு வைப்பேன், ஒரே மாதிரி இருந்தா நல்லா இருக்காது பாரு. நடுப்பகல்ல எனக்கு எத்தனை வேலை தெரியுமா? இடம் குறிக்கணும், குறிப்பேடு எழுதணும், கேப்டன் வேற மேல நின்னு உசுரை எடுப்பான். இதுல வெளியே போயி யாரு காத்துல நிக்கிறது? நான் மட்டுமா? எல்லாக் கப்பல்லயும் இதே ஈயடிச்சான் காப்பிதான்."

"ஆறு மணித் தகவல்?"

"அதுவும்தான். அப்போ மழை வேற. கண்ணாடி பூரா தண்ணி. ராடார்ல பெருசா எதுவும் இல்லைன்னு பாத்துக்கிட்டு உள்ளேயே உக்காந்துட்டேன்."

அக்கா எழுந்தாள். கையைக் கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

"நாலு பேர் செத்துட்டாங்கடா" என்றாள் குழாயைப் பார்த்தபடி. "அந்தக் கட்டத்துல. அன்னிக்குச் சாயங்காலம். பன்னெண்டு மணிக்கு உன் தகவலைப் பாத்துட்டுத்தான் நான் கொடி ஏத்தலை."

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. படகு கவிழ்ந்ததைச் செய்தியில் கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு அடுத்த துறைமுகத்துக்குப் போயிருக்கிறான். அக்காவுக்கு வியாழக்கிழமை விசாரணை என்று அம்மா சொன்னபோதும், கவிழ்ந்த படகுக்கும் தனக்கும் ஒரு முடிச்சு இருக்கும் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்?

குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அக்கா, வியாழக்கிழமை அங்க இதைச் சொல்லிடாதே. அடுத்த மாசம் முதல் அதிகாரி பரீட்சை. தெரிஞ்சா சான்றிதழையே பிடுங்கிடுவாங்க. அப்புறம் நான் கடல் பக்கமே தலைவச்சுப் படுக்க முடியாது."

"அந்த நாலு பேரும்தான் இனிமே தலைவச்சுப் படுக்க மாட்டாங்க."

"என்னையே சொல்லு! நான் உன்னைப் பாத்து எழுதினேன். நீ என்னைப் பாத்து எழுதினே. உன் கணிப்பு தப்பா இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேண்டியதில்லடா! உன் காலுக்குக் கீழே கப்பல் ஆடுச்சில்ல? சமையல்காரன் கை வெந்துச்சில்ல? அப்பவாவது உனக்கு உறைச்சிருக்க வேண்டாமா?"

அதுவரை கரண்டியோடு நின்ற அம்மா நடுவில் வந்தாள். "போதும்டீ. போனவங்க போயிட்டாங்க. நீ அங்க போயி வாயைத் திறந்தா அவங்க எழுந்து வந்துடப் போறாங்களா? வீட்டுல ஒருத்தன் சாப்பிட்டுக்கிட்டே சொன்னதைக் கோர்ட்டுல போய்ச் சொல்லுவியா நீ? பெத்த வயித்துல கல்லைத் தூக்கிப் போடாதே."

பெத்த வயிறு! ஐஸ் உடைக்கிறவளுக்கும் அது இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள் அக்கா. தம்பியின் தட்டில் கண்ணீர் சொட்டுவதைப் பார்த்ததும் மென்று முழுங்கிவிட்டாள். அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் அழுதால் அவளுக்கு இன்றைக்கும் தாங்காது. கோபமும் பாசமும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் மனுஷி என்னதான் செய்வாள்?

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் அவள் செய்த முதல் வேலை, இரண்டு மாதத்துக்கு முந்தைய கோப்பு ஒன்றை எடுத்தது. எல்லோரும் இதே காப்பிதான் என்று அவன் சொன்னதிலிருந்தே ஒரு பழைய வேடிக்கை அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

வேடிக்கை இதுதான். தென்மேற்குக் காற்று வீசுகிற பருவத்தில் ஒரு நாள் அவள் கைதவறி 'வடகிழக்கு' என்று அடித்து அனுப்பிவிட்டாள். இருபது நிமிஷத்தில் கண்டுபிடித்துத் திருத்தமும் அனுப்பிவிட்டாள். ஆனால் அன்று நண்பகல் அந்தப் பக்கம் இருந்த ஆறு கப்பல்களில் நாலு கப்பல் வடகிழக்குக் காற்று என்றே தகவல் அனுப்பின. "நீங்க தப்பா அடிச்சாகூடக் காத்து திரும்பிடுது, காத்தக்கா!" என்று உச்சு கும்பிடு போட்டார். ஏதோ சின்னச் சுழல் வந்து போயிருக்கும் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அவள் அன்றைக்குச் சந்தோஷத்தில் அலுவலகம் முழுக்க டீ வாங்கிக் கொடுத்தாள். படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள் பத்துப் பேர் நின்று டீ குடித்தார்களே, ஒருவருக்காவது உறைத்ததா?

இப்போது கோப்பில் அந்த நாலு கப்பலும் இருந்தன. நாலும் வடகிழக்கு. நாலிலும் வேகம் அவள் எழுதிய வேகம், அலை அவள் எழுதிய அலை. திருத்தத்தை ஒருவன்கூடப் படிக்கவில்லை. மற்ற இரண்டு கப்பல்கள்தான் தென்மேற்கு என்றன. அந்த இரண்டில் மட்டும் யாரோ எழுந்து வெளியே போயிருக்கிறார்கள். இரண்டுக்கும் பரிசுப் பட்டியலில் கடைசி இரண்டு இடம்.

இருபத்திரண்டு வருஷம் கடல் தன்னிடம் பேசுகிறது என்று நினைத்திருந்தாள். பாதிக்கு மேல் அவள் குரலேதான் சுற்றிச் சுற்றி அவளிடம் வந்திருக்கிறது. காலையில் தான் எழுதியதை மத்தியானம் தானே படித்து, ஆகா சரியாகச் சொன்னேன் என்று தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

கோப்பை எடுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனாள். தம்பி சொன்னதைச் சொல்லவில்லை, நாலு கப்பலை மட்டும் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"ரொம்ப முக்கியமான விஷயம்தான். ஆனா இதை வியாழக்கிழமைக்கு அப்புறம் பேசலாமே? அந்த நண்பகல் தகவல்தான்மா நமக்குக் கவசம். அதை நீங்களே ஓட்டை போட்டா முதல்ல உங்க தலை உருளும், அப்புறம் என் தலை. பேசாம ஒரு பக்கம் எழுதித் தர்றேன், அதைப் படிச்சுட்டு உக்காந்துடுங்க."

வியாழக்கிழமை அவள் பையில் இரண்டும் இருந்தன, டைரக்டர் எழுதிய பக்கமும் நாலு கப்பல் கோப்பும். எதை எடுக்கப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. கிளம்பும்போது தம்பி தெருமுனை வரை கூடவே வந்தான். ஒன்றும் கேட்கவில்லை. சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூட வாசலில் நிற்பானே, அதே மாதிரி நின்றான்.

துறைமுக அலுவலகத்தின் மாடியில் விசாரணை. நீளமான மேசை, பச்சைத் துணி, அதன் மேல் மூன்று தண்ணீர்ப் புட்டி. ஓரத்தில் ஒரு தட்டச்சர். பெஞ்சுகளில் துறைமுகத்து ஜனம். முதல் வரிசையில் ஒரு அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். ஐஸைத் தூக்கித் தூக்கி வெளுத்து வெடித்த விரல்கள். அக்கா அந்த விரலைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொண்டாள்.

தப்பித்த இருவரில் படகின் இஞ்சின் பார்க்கிறவன் முதலில் பேசினான். ஐந்து மணிக்கு அலை தூக்கிப் போட்டதைச் சொன்னான். கவிழ்ந்த படகின் மேல் ஆறு பேரும் ஏறி உட்கார்ந்ததைச் சொன்னான்.

"ஆறு மணி இருக்கும் சார். அப்போ ஆறு பேரும் உசுரோடதான் இருந்தோம். ஒரு கப்பல் போச்சு. சிவப்பு உடம்பு, மஞ்சப் புகைக்குழாய். பேரு படிக்க முடியலை, ஆனா நிறம் தெரியற தூரம்தான். எல்லாரும் சட்டையைக் கழட்டி ஆட்டினோம். கத்தினோம். அது பாட்டுக்குப் போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் ஒவ்வொருத்தரா..." அவனால் மேலே சொல்ல முடியவில்லை.

சிவப்பு உடம்பு, மஞ்சள் புகைக்குழாய். வீட்டுக் கூடத்தில், காற்றழுத்தமானிக்குப் பக்கத்திலேயே, சட்டம் போட்டு மாட்டியிருக்கும் படம். அம்மா தினமும் துடைக்கிற படம். தம்பியின் கப்பல்.

அடுத்து அவளைக் கூப்பிட்டார்கள். கை தானாகப் பைக்குள் போய் டைரக்டரின் பக்கத்தை எடுத்துக்கொண்டது. படித்தாள். நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ஏழாம் கட்டத்தில் இருந்த கப்பல் நேரில் கண்டு அனுப்பிய தகவலின்படி காற்று பதினைந்து நாட், அலை ஒன்றரை மீட்டர், மாலை ஆறு மணிக்கும் அதே கப்பல் நேரில் கண்டு அனுப்பிய தகவலின்படி...

"ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா?"

ஐஸ்காரம்மா எழுந்து நின்றிருந்தாள். நீதிபதி டைரக்டரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்து, "கேளுங்கம்மா" என்றார்.

அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். "உன் குரலை வச்சே தெரிஞ்சுக்கிட்டேன்மா. நீதான். உன் மேல எனக்குக் கோவம் இல்ல. உனக்கு வந்த தகவலைத்தான் நீ சொன்னே. நீ அந்தக் கப்பல்காரர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்றியா? ஆறு மணிக்குக் கண்ணால கடலைப் பாத்து எழுதினார்னு இப்போ படிச்சியே. இந்த இஞ்சின் தம்பி சொல்லுது, ஆறு மணிக்குத்தான் கப்பல் போச்சுன்னு. அப்போ அவரு எம்புள்ளையப் பாத்திருப்பார்ல? அவன் எப்படி உக்காந்திருந்தான்? சட்டையை ஆட்டினானா? அவனைக் கடைசியாப் பாத்த கண்ணும்மா அது. அதை மட்டும் கேட்டுச் சொல்லு."

 தட்டச்சர் அடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

தெருமுனையில் நிற்கிற தம்பி அக்காவின் கண்ணுக்குள் வந்தான். வந்தவன் போகவே இல்லை. அவனை வைத்துக்கொண்டேதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அவன் பாக்கலைம்மா."

"எம்புள்ளையப் பாக்கலையா?"

"கடலையே பாக்கலைம்மா. வெளியிலயே வரலை."

"அப்ப எதைப் பாத்து எழுதினாரு?"

"காலையில நான் எழுதி அனுப்பினதை."

அந்த அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபோது கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. "கடல் மேல உக்காந்துக்கிட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

டைரக்டர் இருமினார். நீதிபதி முன்னால் சாய்ந்தார். "அம்மா, இது பெரிய விஷயம். உங்களுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது?"

"எழுதினவனே சொன்னான் சார். போன ஞாயிற்றுக்கிழமை, எங்க வீட்டுல, சாப்பிட்டுக்கிட்டே."

"அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"கூடப் பொறந்த தம்பி."

பையிலிருந்து நாலு கப்பல் கோப்பை எடுத்துப் பச்சைத் துணி மேல் வைத்தாள். தட்டச்சர் இதையெல்லாம் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நீதிபதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ்காரம்மா தன் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எழுதிக்கய்யா" என்றாள் அந்த அம்மா, தட்டச்சரைப் பார்த்து. "ஒண்ணு விடாம எழுது."

தட்டச்சர் விரலை வைத்தார். கப்பலின் பேர் என்ன என்று கேட்டார். அக்கா சொன்னாள். அவருக்குப் பிடிபடவில்லை, திரும்பக் கேட்டார். அவள் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.